தோன் கிஹோத்தே: யாருடைய படங்களோடு அச்சிடலாம்?

செர்வாந்தெஸின் ஸ்பானிய நாவலான தோன் கிஹோத்தேவைப் படங்களோடு பதிப்பிக்க நினைப்பவர்கள் யோசிக்காமல் போய் நிற்கும் இடம் பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் தொரே. இணையத்தில் தேடினால் முதலில் வந்து விழுவது அவர் படங்கள்தான். பதிப்புரிமைத் தொல்லையும் இல்லை. ஆனால் நாவல்களுக்கு வழக்கமான டெம்மி அளவில், 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) தாளில் அச்சாகப் போகும் புத்தகத்துக்குத் தொரே பெரும்பாலும் தவறான தேர்வு. அந்த அளவுக்குப் பொருந்துபவர் தானியேல் வியெர்ஜ். வரிகளுக்கு நடுவே சின்னப் படங்கள் வேண்டுமென்றால் தொனி ஜொஹானோ. படம் குறைவாகவும் தோற்றம் கம்பீரமாகவும் இருக்க வேண்டுமென்றால் 1780இன் மத்ரித் பதிப்பு. தொரேயைத் தொடுவதாக இருந்தால் பக்கத்தைப் பெரிதாக்கத் துணிய வேண்டும், தாளுக்கும் செலவழிக்க வேண்டும்.

அழகை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. ஒவ்வொரு ஓவியரும் தன் காலத்து அச்சு முறைக்காகத்தான் வரைந்தார். செப்புத் தகடா, மரக்கட்டையா, புகைப்பட முறையா என்பது படத்தின் அளவையும் கோட்டின் தடிமனையும் புத்தகத்தில் அது எங்கே உட்காரும் என்பதையும் அன்றே முடிவு செய்துவிட்டது. இன்றைய ஆஃப்செட் அச்சில் அந்தக் கணக்கு மாறிவிடுவதில்லை.

எத்தனை படம் தேவை?

முதல் பாகம் (1605) 52 அத்தியாயங்கள், இரண்டாம் பாகம் (1615) 74. மொத்தம் 126. மத்ரித் பதிப்பின் 31 படங்களை வைத்தால் நான்கு அத்தியாயத்துக்கு ஒன்று வரும். தொரேயின் முழுப்பக்கப் படங்கள் 120. கிட்டத்தட்ட அத்தியாயத்துக்கு ஒன்று. வியெர்ஜின் 260ஐப் பரப்பினால் அத்தியாயத்துக்கு இரண்டு. ஜொஹானோவின் சிறு படங்கள் ஏறக்குறைய 800, அதாவது ஆறு ஆறாக விழும். சுருக்கப் பதிப்பு என்றால் எந்தத் தொகுதியிலும் பாதிக்கு மேல் வெளியே போய்விடும். எனவே எந்தெந்தக் காட்சிகள் மொழிபெயர்ப்பில் மிஞ்சுகின்றன என்ற பட்டியலை முதலில் போட்டுவிட்டுப் படத்துக்கு வருவது நல்லது.

பட்டியலோடு நாவலின் பாடத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். செர்வாந்தெஸ் தன் நாயகனின் உடம்பில் நிகழும் சேதங்களைக் கணக்கு வைத்தே எழுதுகிறார். முதல் அத்தியாயத்தில் அவன் தலைக்கவசத்தின் முகப்பு அட்டையால் ஆனது, உள்ளே இரும்புப் பட்டைகள் வைத்து முட்டுக் கொடுத்தது. எட்டாம் அத்தியாயத்தில் காற்றாலை இறக்கையில் ஈட்டி முறிகிறது. ஒன்பதில் பாதிக் காது போகிறது. ஆட்டு மந்தையோடு நடந்த போரில், பதினெட்டாம் அத்தியாயத்தில், பற்கள் உதிர்கின்றன. நாவிதனின் பித்தளைக் கிண்ணம் தலைக்கு ஏறுவதே 21ஆம் அத்தியாயத்தில்தான். ஆக, காற்றாலைக் காட்சியில் அவன் தலையில் அந்தக் கிண்ணம் இருந்தால் ஓவியர் நாவலைப் படிக்காமல் முந்தைய ஓவியங்களைப் பார்த்து வரைந்திருக்கிறார் என்று பொருள். இந்தப் பிழை வியப்பூட்டும் அளவுக்குப் பரவலானது.

தோன் கிஹோத்தேவின் பணியாள் சாஞ்சோவின் கழுதை இன்னும் பெரிய வம்பு. 1605இன் முதல் அச்சில் அது திருடு போன விவரமே இல்லாமல் திடீரென்று காணாமல் போகிறது, பிறகு சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வருகிறது. அதே ஆண்டின் அடுத்த பதிப்பில் திருட்டையும் மீட்பையும் சொல்லும் பகுதிகள் சேர்க்கப்பட்டன. உங்கள் மொழிபெயர்ப்பு எந்தப் பாடத்தைப் பின்பற்றுகிறது என்று தெரியாமல் சியெர்ரா மொரேனா மலைக் காட்சிகளுக்குப் படம் பொறுக்கினால், எழுத்தில் நடந்து போகிறவன் படத்தில் கழுதைமேல் போவான்.

செர்வாந்தெஸே ஒரு படத்தை விவரித்தும் இருக்கிறார். ஒன்பதாம் அத்தியாயத்தில் தொலேதோ கடைத்தெருவில் கிடைக்கும் அரபுக் கையெழுத்துப் படியில் பிஸ்காயக்காரனோடு நடக்கும் சண்டை வரையப்பட்டிருக்கிறது. அதிலுள்ள சாஞ்சோவுக்குப் பெரிய வயிறு, குட்டை உடல், நீண்ட கால்கள். நானூறு ஆண்டுகளாக ஓவியர்கள் வயிற்றை எடுத்துக்கொண்டு கால்களை அநேகமாக விட்டுவிட்டார்கள்.

செப்புத் தகட்டுக் காலம்

நாவலை வரிசையாகப் படமாக்கிய முதல் பதிப்பு ஸ்பெயினில் வரவில்லை. 1657இல் ஹாலந்தின் டோர்ட்ரெக்ட் நகரில் யாக்கோப் சாவெரி வெளியிட்ட டச்சு மொழிபெயர்ப்பு அது: 24 படங்கள், இரண்டு முகப்புப் படங்கள். காற்றாலை, போர்வையில் போட்டுச் சாஞ்சோவைத் தூக்கி எறிவது, மதுப்பைகளோடு வாள் சண்டை, சிங்கக் கூண்டு என்று இன்று நாம் வழக்கமாக எதிர்பார்க்கும் காட்சிப் பட்டியல் பெரும்பாலும் அங்கேயே உறுதியாகிவிட்டது. 1662இல் பிரஸ்ஸல்ஸில் வந்த ஸ்பானியப் பதிப்பு முதல் பல பதிப்புகள் அவற்றைத் திரும்பத் திரும்ப நகலெடுத்தன. படங்களில் இருப்பது அடிதடி நகைச்சுவை மட்டுமே; வீரனின் துயரம் இன்னும் யாருக்கும் கண்ணில் படவில்லை. சுருக்கமான சிறுவர் பதிப்புக்கு இது மோசமில்லை.

இந்த நகல் பதிப்புகளிலிருந்து எடுக்கும்போது கையைப் பாருங்கள். அச்சான படத்தைப் பார்த்து அப்படியே தகட்டில் செதுக்கி மறுபடி அச்சிட்டால் இடம் வலமாகிவிடும். வீரன் இடக்கையில் ஈட்டி பிடித்திருந்தால், வாள் வலப்பக்கம் தொங்கினால், அது கண்ணாடி பிம்பமான நகல் என்று சந்தேகிக்கலாம். திருப்பிப் போடுவது கணினியில் ஒரு நொடி வேலை. படத்துக்குள் எழுத்து இருந்தால் மட்டும் அதுவும் கண்ணாடி எழுத்தாகிவிடும்.

பிரான்சின் ஷார்ல்-அந்துவான் குவாபெல் புத்தகத்துக்காக வரையவே இல்லை. கோப்லான் நெசவுக்கூடத்தின் சுவர்த்திரைச் சீலைகளுக்காக அவர் தீட்டிய 28 ஓவியங்கள் 1720களிலிருந்து செப்புத் தகட்டில் இறங்கிப் புத்தகங்களுக்குள் புகுந்தன. ஒப்பனை, நடன அசைவு, நாடக மேடைத் திரை எல்லாம் பிரெஞ்சு அரசவையுடையவை. நாவல் நடக்கும் லா மான்ச்சா பகுதியின் புழுதி ஒரு துளி இல்லை. இரண்டாம் பாகத்தில் பிரபுவும் பிரபுவின் மனைவியும் தோன் கிஹோத்தேவை வைத்து நாடகம் ஆடும் அத்தியாயங்களுக்கு இவற்றைவிடப் பொருத்தமான படங்கள் கிடையாது. மற்ற இடங்களில் ஒட்டாது.

லண்டனில் 1738இல் கார்டெரெட் பிரபுவின் ஆதரவில் டான்சன் நிறுவனம் ஸ்பானிய மொழியிலேயே வெளியிட்ட பதிப்புக்கு ஜான் வாண்டர்பாங்க் 68 படங்கள் வரைந்தார். ஆங்கில ஓவியர் ஹோகார்த்தின் வரைவுகளைப் புறந்தள்ளிவிட்டு இவற்றை ஏற்றார்கள். அடிதடியைக் குறைத்து நாவலுக்கு ஒரு காவியத் தோற்றம் தர விரும்பிய பதிப்பு அது. மரியாதையான படங்கள், கொஞ்சம் தூக்கம் வரவழைப்பவையும்கூட.

செப்புத் தகட்டில் நான் எடுக்கச் சொல்வது 1780இன் மத்ரித் பதிப்பை. அரச ஸ்பானிய அகாதெமிக்காக ஹோவாகின் இபார்ரா நான்கு தொகுதிகளாக அச்சிட்டது. எந்தக் காட்சி படமாக வேண்டும் என்று அகாதெமியே தீர்மானித்தது. உடையும் ஆயுதமும் காலத்துக்குப் பொருந்த வேண்டும் என்று வற்புறுத்தியது. அந்தோனியோ கார்னிசெரோ, ஹொசே தெல் காஸ்தியோ உள்ளிட்ட பலர் வரைந்தார்கள். அதனால் தொகுதி முழுக்க ஒரே கை ஓடாது. உன்னிப்பாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு படத்தின் முகம் அடுத்ததில் மாறுவது தெரியும். ஆனால் தொகுதிக்கு முழுவதும் ஒரே நிதானம் உண்டு. கூடுதலாக ஒரு பரிசும் இருக்கிறது: தோன் கிஹோத்தேவின் பயண வழியைக் காட்டும் தோமாஸ் லோபெஸின் வரைபடம். படங்களை வேறு யாரிடமிருந்து எடுத்தாலும் அட்டையின் உட்பக்கத்துக்கு இந்த வரைபடத்தைப் பரிசீலிக்கலாம்.

செப்புத் தகட்டில் கோடு குழிக்குள் இருக்கும். எழுத்துக் கோக்கும் அச்சோடு அதைச் சேர்த்து ஓட்ட முடியாது. தனி எந்திரத்தில் தனித் தாளில் அச்சிட்டுத்தான் புத்தகத்தில் சேர்த்தார்கள். எனவே இவற்றை வரிகளுக்கிடையே நுழைக்க முயலாதீர்கள், முழுப்பக்கமாகவே விடுங்கள். ஸ்கேனைக் கறார் கறுப்பு-வெள்ளையாக மாற்றினால் வானத்திலும் முகத்திலும் உள்ள மெல்லிய கோடுகள் அறுந்துபோகும். சாம்பல் நிறக் கோப்பாக வைத்து, வழவழப்பான தாளில், சாம்பலைச் சிறு புள்ளிகளாகப் பிரிக்கும் வரித்திரையில், அங்குலத்துக்கு 175 வரியாக அச்சிடுங்கள். படத்தின் அடியில் வரைந்தவர் பெயரும் செதுக்கியவர் பெயரும் சிறு எழுத்தில் இருக்கும். ஓரம் வெட்டும்போது அதையும் சேர்த்து வெட்டிவிடுவது வழக்கமான தவறு.

ஜொஹானோவும் மரக்கட்டையும்

பாரிஸில் 1836-37இல் லூயி வியார்தோவின் பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு வந்தவை தொனி ஜொஹானோவின் படங்கள். கடினமான பாக்ஸ் மரத்தின் குறுக்கு வெட்டுப் பரப்பில் செதுக்கிய கட்டைகள் அச்செழுத்தின் அதே உயரம் கொண்டவை, எழுத்தோடு ஒரே சட்டத்தில் பூட்டி ஒரே ஓட்டில் அச்சிடலாம். ஒரு புத்தகத்தில் 800 படங்கள் சாத்தியமானது இதனால்தான். ஒரு பத்தி முடியும் இடத்தில் தோன் கிஹோத்தேவின் குதிரை ரொசினாந்தே தடுக்கி விழுவதும், அத்தியாயத் தொடக்கத்தில் சத்திர வாசல் தெரிவதும் வாசிப்பை நிறுத்தாமல் நடக்கின்றன.

சிறிதாகவே வரையப்பட்டவை என்பதால் டெம்மி பக்கத்தில் ஏறக்குறைய அசல் அளவிலேயே வைக்கலாம். சிக்கல் பக்க வடிவமைப்பில் வரும். தமிழ் வரிகள் பிரெஞ்சு மூலத்தைவிட வேறு இடத்தில் உடையும். படம் தன் வாக்கியத்தைவிட்டு அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடும். படத்தைப் பத்தியோடு கட்டிவிட்டு, மெய்ப்பு முற்றும் முடிந்த பிறகே இறுதிப் பக்கங்களை அமைக்க வேண்டும். 800ஐயும் வைக்க வேண்டியதில்லை. அத்தியாயத்துக்கு இரண்டு போதும்.

தொரே

1863இல் அஷெத் நிறுவனம் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்டது, மறுபடி வியார்தோ மொழிபெயர்ப்போடு. முழுப்பக்கப் படங்களோடு அத்தியாயத் தொடக்கத்தில் வரும் தலைப் படங்களும் முடிவில் வரும் கடைப் படங்களும் உண்டு. செதுக்கியவர் பிசான், இந்தப் படங்களின் பெருமையில் பாதி அவருக்குச் சேர வேண்டியது. தொரே மரக்கட்டையின்மேல் மைக்கரைசலாலும் வெள்ளை வண்ணத்தாலும் ஓவியம் போலவே தீட்டினார். அந்த ஒளி-நிழலை ஆயிரக்கணக்கான இணைகோடுகளாக மாற்றியது பிசானின் கத்தி. படத்தில் வெளிக்கோடு என்று தனியாக அதிகம் இருக்காது. கோடுகளின் நெருக்கமே உருவம்.

நாற்காலியில் அமர்ந்து ஒரு கையில் புத்தகமும் மறுகையில் ஓங்கிய வாளுமாக இருப்பவனைச் சுற்றி அரக்கர்களும் வீரர்களும் கன்னியரும் மொய்க்கும் அந்த முதல் படம் ஒன்றே தொரேயின் நிலைப்பாட்டைச் சொல்லிவிடும். அவர் வீரனின் தலைக்குள் நுழைந்து பார்க்கிறார். முந்தைய நூற்றாண்டுகள் சிரித்த இடத்தில் அவருடைய வாசகர் இரக்கப்படுவார். இதற்கு ஒரு விலை உண்டு. நாவலின் லா மான்ச்சா தட்டையான, வெயில் காயும் சமவெளி. தொரேயிடம் அது அடிக்கடி பாறைப் பிளவும் இருண்ட பள்ளத்தாக்குமாக மாறுகிறது. சியெர்ரா மொரேனா அத்தியாயங்களுக்கு அற்புதமாகப் பொருந்துகிறது. சாதாரண மதிய வேளைக்குப் பொருந்தவில்லை. செர்வாந்தெஸின் கேலியும் இவ்வளவு இருட்டில் சற்று மூச்சுத் திணறுகிறது.

இனி அளவு. முழுப்பக்கப் படம் ஏறக்குறைய 24.5 × 19.5 சென்டிமீட்டர். டெம்மி புத்தகத்தில் எழுத்துப் பரப்பின் அகலம் 10.5 செ.மீ. என்று வைத்தால் படம் 54 சதவீதமாகச் சுருங்கும். நிழல் பகுதியில் கோடுகளுக்கிடையே இருந்த வெள்ளை பாதியாகும். பூச்சில்லாத மேப்லித்தோ தாள் மையை உறிஞ்சிப் பரப்பும். மிச்சமிருந்த வெள்ளையும் அடைபட்டு இரவுக் காட்சிகள் தார் பூசியதுபோல ஆகிவிடும். அச்சகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. 21.5 × 28 செ.மீ. பக்கத்தில் 85 சதவீதத்துக்கு மேல் வைக்கலாம். அங்கே தொரே தொரேயாக இருப்பார்.

பெரிய பக்கத்துக்கு வழியில்லை, தொரேதான் வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு வழிகள். ஒன்று, முழுப்பக்கப் படங்களை விட்டுவிட்டு அவருடைய அத்தியாயத் தலைப் படங்களை மட்டும் எடுப்பது. அவை சிறியவை, கோடுகளும் திறந்திருக்கும். இரண்டு, பதினாறு முழுப்பக்கப் படங்களைப் பொறுக்கி, 100 ஜிஎஸ்எம் அல்லது அதற்கு மேலான மங்கல் பூச்சுத் தாளில் ஒரு தனி ஃபாரமாக (ஒரே தாளில் அச்சிட்டு மடிக்கும் பக்கத் தொகுப்பாக) அச்சிட்டுப் புத்தகத்தின் நடுவே சேர்ப்பது. படத் தேர்வு எட்டின் அல்லது பதினாறின் மடங்காக இருந்தால் தாள் வீணாகாது. 70 ஜிஎஸ்எம் தாளில் கரும்படத்தை அச்சிட்டால் பின்பக்க எழுத்துக்கு நடுவே அதன் நிழல் தெரியும் என்பதால், தனி ஃபாரம் வாசிப்புக்கும் நல்லது.

ஸ்கேன் விஷயத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். மரச்செதுக்குப் படத்தில் உண்மையான சாம்பல் நிறம் கிடையாது. கறுப்புக் கோடும் வெள்ளை இடைவெளியும்தான். அதை வரித்திரை போட்டு அச்சிட்டால் படத்தின் கோடும் திரையின் புள்ளியும் மோதிப் பட்டுச்சேலையில் தெரிவதுபோன்ற அலை வரும். எனவே இறுதி அளவில் 1200 டிபிஐ (அங்குலத்துக்கு 1200 புள்ளி), சாம்பலே இல்லாத ஒரு பிட் கறுப்பு-வெள்ளைக் கோப்பு. இந்தக் கணக்கில், இணையத்தில் 3000 பிக்சல் உயரத்தில் கிடைக்கும் படம் வெறும் 6.4 செ.மீ.க்குத்தான் வரும், 600 டிபிஐக்குச் சமாதானமானாலும் 12.7 செ.மீ. பழுப்பேறிய தாளின் ஸ்கேன் என்றால் சிவப்பு சேனலை மட்டும் எடுத்து வேலை செய்யுங்கள். பழுப்பும் கறையும் அதில் வெளுத்துப்போகும், மை மட்டும் நிற்கும். வானத்துக்கும் நிழலுக்கும் ஒரே வரம்பு வைத்துக் கறுப்பு-வெள்ளையாக மாற்றக் கூடாது. இரண்டையும் தனித்தனியே தேர்ந்தெடுத்து மாற்றி ஒட்ட வேண்டும். சில படங்களில் நேர்கோடாக ஒரு மெல்லிய வெள்ளைப் பிளவு ஓடலாம். பெரிய கட்டைகள் பல துண்டுகளை இணைத்துச் செய்தவை. அந்த இணைப்பு விலகியதன் தடம் அது. மிகவும் உறுத்தினால் ஒழியத் திருத்த வேண்டாம். பிற்கால மலிவுப் பதிப்புகளின் தேய்ந்த படங்களைத் தவிர்த்து 1863 அச்சின் ஸ்கேனையே தேடுங்கள்.

வியெர்ஜ்

மத்ரித்தில் பிறந்து பாரிஸில் வாழ்ந்தவர். 1881இல் பக்கவாதத்தால் வலக்கை செயலிழக்க, இடக்கையால் வரையப் பழகிக்கொண்டார். 1890களில் லா மான்ச்சாவுக்கு நேரில் போய் ஊர்களையும் மனிதர்களையும் வரைந்தார். 1904இல் அவர் இறந்தார். 260 படங்களோடு நான்கு தொகுதிகள் 1906-07இல் லண்டனில் ஃபிஷர் அன்வின் வெளியீடாக வந்தன.

தொரே இருட்டை அடுக்குகிறார், வியெர்ஜ் தாளின் வெள்ளையை அப்படியே விடுகிறார். அந்த வெள்ளைதான் லா மான்ச்சாவின் வெயில். சுண்ணாம்பு பூசிய சுவர், அதன்மேல் விழும் ஒரு துண்டு நிழல், கோவேறு கழுதைக்காரர்கள், கிணற்றடி, சத்திர முற்றம் எல்லாம் கண்டு வரைந்தவை. பைத்தியக்காரன் நடமாடும் உலகம் சாதாரணமாக இருந்தால்தான் பைத்தியம் தெரியும். செர்வாந்தெஸின் நகைச்சுவை இயங்குவதே அந்த வேறுபாட்டில்தான். பேனாக் கோடு, புகைப்பட முறையில் சுருக்கி அச்சிடப்படும் என்று தெரிந்தே போடப்பட்டது. சுருக்கினாலும் அறுவதில்லை, அடைவதில்லை. சாதாரணத் தாளிலேயே எழுத்தோடு ஒரே ஓட்டில் போய்விடும்.

குறைகளும் உண்டு. தொரேயின் காற்றாலைப் படம்போல ஒருமுறை பார்த்தால் மறக்காத படம் இதில் கிடையாது, அட்டைக்கு எடுக்கத் திணற வேண்டியிருக்கும். நல்ல ஸ்கேன்களும் தொரே அளவுக்குச் சுலபத்தில் அகப்படாது. அகப்பட்டதைப் பெரிதாக்கிப் பாருங்கள்: சாம்பல் பரப்பில் ஒழுங்கான புள்ளி வரிசை தெரிந்தால் அது ஏற்கெனவே வரித்திரையில் அச்சானது. அதன்மேல் இன்னொரு திரை விழுந்தால் அலை நிச்சயம். புள்ளிகளைக் கரைத்துச் சாம்பலாக்கிய பிறகே புதிய திரைக்கு அனுப்ப வேண்டும்.

இதே சிரமம் ஹொசே ஹிமேனஸ் அராந்தாவிடம் பெரிதாக இருக்கிறது. நாவலின் முந்நூறாம் ஆண்டு விழாப் பதிப்பின் 800 படங்களில் 689 அவருடையவை, ஏறக்குறைய கதையைக் காட்சி காட்சியாகப் பின்தொடர்பவை. 1903இல் அவர் இறந்ததால் மற்றவற்றைப் பிறர் வரைந்தார்கள். ஆய்வாளருக்குப் பொக்கிஷம், பதிப்பாளருக்கு மிகை.

காசு கொடுத்து வாங்க வேண்டியவை

பிகாசோவின் 1955ஆம் ஆண்டுக் கோட்டோவியம் சட்டையிலும் கோப்பையிலும் இருப்பதால் பொதுச்சொத்து என்று நினைத்துப் பலர் அட்டையில் போட்டுவிடுகிறார்கள். பிகாசோ இறந்தது 1973. இந்தியச் சட்டப்படி இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள், அதாவது 2033 முடியும்வரை உரிமை உண்டு. சால்வதோர் தலியின் படங்களுக்கு (1946இல் ராண்டம் ஹவுஸ் வெளியிட்டது, 1957இல் கல்லச்சு வரிசை வேறு) 2049 முடியும்வரை. இலங்கையிலும் சிங்கப்பூரிலும் 70 ஆண்டுக் கணக்கு, மலேசியாவில் 50. புத்தகம் எங்கெல்லாம் விற்கப் போகிறது என்பதை வைத்து நீளமான காலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1987இல் வந்த ஸ்பானிய ஓவியர் அந்தோனியோ சாவ்ராவின் சீறும் கோடுகள் நவீன வாசகருக்கு மிக நெருக்கமானவை. உரிமைக் கட்டணம் கட்டத் தயாராக இருந்தால் என் முதல் தேர்வு தலி அல்ல, சாவ்ரா.

தொரே, வியெர்ஜ் போன்ற பழையவர்களுக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் ஸ்கேன் தரும் நூலகம் வணிகப் பயன்பாட்டுக்குத் தன் நிபந்தனையை வைத்திருக்கலாம். பிரான்சின் தேசிய நூலகத்தின் கலிக்கா தளத்தில் அது உண்டு. தரவிறக்கும் முன் அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள். ஸ்பெயினின் தேசிய நூலக மின்தொகுப்பையும் 1605 முதல் 1915 வரையான படங்களைத் திரட்டி வைத்திருக்கும் கிஹோத்தே பட வங்கியையும் முதலில் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

புதிதாக ஓவியரை அமர்த்துவதானால் முழுப்பக்கங்களைவிட அத்தியாயத் தலைப் படங்கள் 126 என்று கேட்பது நல்லது. ஒரே அகலம், எழுத்தோடு ஒரே தாள், ஒரே மை. ஓவியருக்கு முழு மொழிபெயர்ப்பும் கையில் இருக்க வேண்டும். கதைச்சுருக்கம் கொடுத்தால் எட்டாம் அத்தியாயத்திலேயே பித்தளைக் கிண்ணம் வந்துவிடும். தோன் கிஹோத்தே மனத்தில் வரித்த காதலி தூல்சினேயாவை வரையலாமா என்பதை முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். நாவலில் அவள் ஒருமுறைகூட நேரில் வருவதில்லை.

எந்தத் தொகுதி என்றாலும் இறுதி முடிவைக் கணினித் திரையில் எடுக்க வேண்டாம். மிக இருண்ட படம் ஒன்று, மிக மெல்லிய கோடுள்ள படம் ஒன்று, நடுத்தரம் ஒன்று என மூன்றை எடுத்து, புத்தகம் ஓடப்போகும் அதே தாளில் அதே எந்திரத்தில் சோதனை அச்சு கேளுங்கள். இருண்டது அடைந்தால் தாளையோ அளவையோ மாற்ற வேண்டும். மெல்லியது அறுந்தால் கோப்பைத் திருத்தினால் போதும். இரண்டும் ஒன்றாக நடந்தால் அந்தத் தொகுதி அந்தப் பக்க அளவுக்குச் சரிப்படாது. அடுத்த ஓவியருக்குப் போய்விடலாம்.